இரண்டாவது கணு

முதல் குடம் நிரம்புவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன், நிரம்பிவிட்டது. குழிக்குள் குனிந்தபடியே அதை நகர்த்திவிட்டு அடுத்ததை வைத்தேன். எங்கள் வீட்டுக் குழாய் தரைக்கு இரண்டடி கீழே, வாசல் ஓரம் தோண்டிய குழிக்குள் இருக்கிறது. அவ்வளவு கீழே இறங்கினால்தான் இந்தத் தெருவில் தண்ணீர் கைக்குக் கிடைக்கும், அதுவும் எட்டு நாளைக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம். இன்றைக்கு ஆறே காலுக்கு வந்தது. ஏழே காலுக்கு நின்றுவிடும். எட்டு மணிக்குள் என் மனைவி எப்சிபா பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவாள். நடுவில் இருக்கிற நேரத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அக்கா, அந்தச் செடிக்குத் தண்ணி ஊத்தாத. ஐந்து சொற்கள். அக்காவை எடுத்துவிட்டால் நான்கு. ஆனால் எடுக்க முடியாது, அக்கா என்று கூப்பிடாமல் நான் அவளிடம் எதையும் பேசத் தொடங்கியதில்லை. அக்கா, பசிக்கி. அக்கா, பீஸ் கட்டணும். அக்கா, பொண்ணு பிடிச்சிருக்கு. நாற்பத்து நான்கு வயதிலும் அந்தச் சொல்லைச் சொன்னவுடன் குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது, இறங்கிய குரலில் ஊத்தாத என்று சொன்னால் அது கேட்டுக்கொள்வது போல ஆகிவிடும், கேட்டுக்கொண்டால் அவள், ஏம்ல, என்பாள், ஏன் என்று கேட்டால் எப்சி சொன்னா என்பேன், அதோடு முடிந்தது. ஒன்பது வருஷமாக எப்சி சொன்னா, எப்சி சொன்னா என்று சொல்லித்தான் எல்லாம் இங்கே வந்து நிற்கிறது. உள்ளே புளி போட்டுக் குடம் தேய்க்கிற சத்தம் கேட்கிறது. தேய்த்து முடித்ததும் மிச்சமிருக்கிற பழைய தண்ணீர்க் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு அக்கா பின்பக்கம் போவாள். புதுத் தண்ணீர் வந்த வீட்டில் பழைய தண்ணீர் இருக்கக் கூடாது. நேற்று வரைக்கும் சொட்டுச் சொட்டாக, கழுத்தை அண்ணாந்து குடித்த அதே தண்ணீர், குழாயில் காற்றுச் சத்தம் கேட்ட நிமிஷத்தில் பழசாகிவிடும், குடிக்க ஆகாததாகிவிடும். கீழே கொட்டவும் மனசு வராது. இந்த ஊரில் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுகிறவனைத் தெருவே பார்க்கும். ஆகவே செடிக்கு. இந்தத் தெருவில் உள்ள எல்லாச் செடிகளுக்கும் எட்டு நாளைக்கு ஒரு முறை இப்படித்தான் வெள்ளம் வருகிறது. முருங்கைக்கு ஒன்றும் இல்லை, வாழைக்கு ஒன்றும் இல்லை. எப்சி தொட்டியில் வளர்க்கிற கிறிஸ்துமஸ் செடி, அந்தத் தூஜாவுக்கு மட்டும்தான் ஆகாது.

“சார்வாள், குடம் நெறஞ்சு ஓடுது, தவத்துல இருக்கீயளோ?” பக்கத்து வீட்டு லெட்சுமணப் பெருமாள் அண்ணாச்சி அவருடைய குழிக்குள்ளிருந்து தலையை நீட்டினார். அவசரமாகக் குடத்தை மாற்றினேன். வழிந்த தண்ணீர் குழியின் அடியில் தேங்கி என் கால் விரல்களை மூடியது. “டீச்சர் வாறாகளாமே இன்னைக்கு. அதான் காலையிலேயே தலைக்கு எண்ணெய் வச்சிருக்கீய.” சிரித்தேன். யார் சொன்னது இவரிடம். அக்காதான் சொல்லியிருப்பாள். அக்கா சந்தோஷமாகச் சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று கேட்க வேண்டும் போல இருந்தது, கேட்க முடியாது. இரண்டு குடத்தையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அடுப்படியில் அக்கா காலை நீட்டி உட்கார்ந்து குடத்தின் வயிற்றுக்குள் கையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அக்கா, என்றேன். “அந்த மூலைல வைல. மொச்சக் கொட்ட ஊறப் போட்டிருக்கேன், எப்சிக்கு அந்தக் கொழம்பு பிடிக்கும்லா?” ம், என்றேன். மூலையில் வைத்தேன். திரும்பி வாசலுக்கு வந்தேன். மூன்றாவது குடம் நிரம்புவதைப் பார்த்து நின்றபோது எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. மொச்சைக் கொட்டை ஊறப் போட்டிருக்கிறவளிடம் அதை எப்படிச் சொல்வது. இதுதான் எப்போதும். சொல்ல வேண்டிய நாளில் அவள் மொச்சைக் கொட்டை ஊறப் போட்டிருப்பாள், அல்லது காய்ச்சலில் படுத்திருப்பாள், அல்லது என் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பாள்.

எப்சி அழவில்லை, கத்தவில்லை. இரண்டு மாதம் முன்பு, பாளையங்கோட்டைக்கு மாறுதல் உத்தரவு வந்த அன்றைக்குச் சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்தபடி, “அங்க எலிசா டீச்சர் ரூம்ல ஒரு எடம் இருக்கு, கொஞ்ச நாள் இருந்து பாக்கறேன்” என்றாள். தினமும் பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான், இந்தத் தெருவிலேயே இரண்டு பேர் போய்வருகிறார்கள். அவளும் போய்வருவாள் என்றுதான் நினைத்திருந்தேன். “செடியப் பாத்துக்கங்க. விரல மண்ணுக்குள்ள விடுங்க. ரெண்டாவது கணு வரைக்கும் ஈரம் இல்லன்னா மட்டும் ஊத்துங்க. அப்ப நல்லா ஊத்துங்க, அடி ஓட்டைல வழியற வரைக்கும். அப்புறம் அது பக்கமே போகாதீங்க. வேர் மூச்சு விடணும்.” சரி என்றேன். “அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க.” சரி என்றேன். “நான் சொன்னா அது சண்டை. நீங்க சொன்னா அது பேச்சு. இத்தன வருஷத்துல நான் கேட்டது இது ஒண்ணுதான்.” அது உண்மையில்லை, வேறு எவ்வளவோ கேட்டிருக்கிறாள், ஆனால் வேறு எதுவும் எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு எட்டயபுரம் ரோட்டு நர்சரியில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள் அந்தச் செடியை. ஒரு முழ உயரம். இப்போது என் தோள் வரை நிற்கிறது, சிமெண்ட் தொட்டியில். டிசம்பரில் அதில் பஞ்சு ஒட்டி நட்சத்திரம் மாட்டுவாள். இந்த வீட்டில் உள்ள பாத்திரம் அக்காவுடையது, கட்டில் அப்பாவுடையது, சுவர்க் கடிகாரம் அக்கா வேலை பார்த்த மிஷன் விடுதியில் கொடுத்தது. ஒன்பது வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தது அந்தச் செடி ஒன்றுதான். போன வாரம் போனில் சொன்னாள். “ஜூன்லேருந்து இங்கயே வீடு எடுக்கறதா, அங்கேருந்து தினம் வந்துபோறதான்னு சனிக்கிழமை வந்து சொல்றேன். அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?” சொல்லிட்டேன், என்றேன். இரண்டு மாதமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லிட்டேன். செடி நல்லாருக்கு. போட்டோ அனுப்புங்க என்பாள், அனுப்புவேன். பச்சையாக இருக்கிற பக்கத்தை மட்டும்.

அந்தப் பக்கம் சிறிதாகிக்கொண்டே வருகிறது. சுவரைப் பார்த்த பக்கத்தில்தான் முதலில் பழுத்தது, உள்பக்கம், கிளைகளை விலக்கினால் மட்டும் தெரிகிற இடத்தில், துரு மாதிரி. பிறகு வெளியே வந்தது. விசிறி விசிறியாக இருக்கும் அந்த இலைகளைத் தொட்டால் பொடியாகிக் கையோடு வருகிறது. கிள்ளிக் கிள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டேன். தொட்டியைத் திருப்பி வைத்தேன். பிறகு இன்னொரு பக்கம் பழுத்தது, மறுபடியும் திருப்பினேன். நர்சரி செல்லச்சாமியிடம் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, “தண்ணி எப்படி ஊத்துதீய?” என்றார். எட்டு நாளைக்கு ஒரு குடம் விழுந்திருது, எங்க அக்கா, என்றேன். யாரோ ஒரு அதிகாரியிடம் புகார் சொல்கிறவனைப் போல நான் அதைச் சொன்னது எனக்கே கேட்டது. “கூடிப்போனாலும் வாடும் சார், கொறஞ்சுபோனாலும் வாடும். ரெண்டும் ஒண்ணு போலத்தான் வாடும், பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. மண்ணத் தொட்டுத்தான் பாக்கணும்.” பிழைக்குமா என்று கேட்டேன். “அதுதான் இந்தச் சாதில சங்கடம். ரோசான்னா ரெண்டு நாள்ல தலையத் தொங்கப் போட்டுச் சொல்லிரும். இது சொல்லாது. செத்துப்போயி ஒரு மாசம் பச்சையா நிக்கும்.” அன்றிலிருந்து அந்தச் செடியின் பச்சைப் பக்கத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. நான் அனுப்புவது எதனுடைய போட்டோ என்று எனக்குத் தெரியவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. அதையும் யாராவது கணக்கில் எடுக்க வேண்டும். இருபது வருஷமாகப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளன். அளப்பது என்றால் எனக்குத் தெரியும். பிளஸ் டூ பையன்கள் பியூரெட் குழாயைத் திறந்துவிட்டுக் கதை பேசிக்கொண்டு நிற்பார்கள், குடுவையில் நிறமற்று இருப்பது ஒரே ஒரு சொட்டில் ரோஸ் நிறமாகிவிடும், அந்தச் சொட்டைத் திரும்ப எடுக்க முடியாது, கொட்டிவிட்டு முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் அப்படிப்பட்டவனில்லை. அக்காவின் குடம் பன்னிரண்டு லிட்டர். எட்டு நாளைக்கு ஒரு முறை பன்னிரண்டு லிட்டரும், நடுவில் ஒன்றுமில்லாமலும் இருந்தால் எந்த வேர்தான் தாங்கும். வெள்ளம், பிறகு பஞ்சம். ஆகவே நடுவில் உள்ள நாட்களைச் சமப்படுத்தலாம் என்று நினைத்தேன். ஆய்வகத்திலிருந்து விளிம்பு உடைந்த பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்து பின்பக்க ஜன்னல் கட்டையில் வைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் இருநூற்றைம்பது மில்லி. கோடு வரை, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து. முந்நூறு இல்லை, இருநூறு இல்லை. எப்சி சொன்ன மாதிரி விரலையும் விட்டுப் பார்த்தேன். ஆனால் என் வலது ஆள்காட்டி விரலின் நுனி கந்தக அமிலம் பட்டு வெந்தது, பதினோரு வருஷம் முன்பு. தோல் தடித்துப் போயிருக்கிறது, அதற்கு ஈரம் தெரியாது, சூடுகூடச் சற்றுத் தாமதமாகத்தான் தெரியும். நகம் மறையும் அளவுக்கு விட்டுப் பார்ப்பேன். மேல்மண் காய்ந்து பொருக்காக வெடித்திருக்கும், இந்த ஊர்க் காற்றுக்கு எது காயாது. காய்ந்திருக்கிறது என்று முடிவு செய்து ஊற்றுவேன். எப்சியிடம் விரல் விஷயத்தைச் சொல்லவில்லை. ஒன்பது வருஷமாக என் விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு அது தெரியாதா என்று ஒரு கோபமும் இருந்தது.

நான்காவது குடம். தண்ணீரின் வேகம் குறையத் தொடங்கிவிட்டது. யாரோ மோட்டார் போட்டுவிட்டார்கள், அண்ணாச்சி குழிக்குள்ளிருந்து தெருவையே பொதுவாகத் திட்டிக்கொண்டிருக்கிறார். “கவருமெண்டுத் தண்ணிய மோட்டார் வச்சு உறிஞ்சுறவன் நாக்குல புண்ணு வர.” சொல்கிறவரிடமே ஒரு மோட்டார் உண்டு, போன மாதம் புகைந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவிடம் சொல்லாமலே காரியத்தை முடிக்க நான் செய்யாதது இல்லை. தொட்டி மண்ணின் மேல் செங்கல் துண்டுகளை அடுக்கினேன். மறு வாரம் அவை சுவரோரம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. தொட்டியைத் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்துக்கு நகர்த்தினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. சாயங்காலம் வந்து பார்த்தால் பழைய இடத்தில் இருந்தது. “வெயிலு படாமக் கெடந்துச்சுல, நானும் அண்ணாச்சி மகனும் உருட்டி வச்சோம்” என்றாள். ஒரு தாளில் தயவுசெய்து தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று எழுதினேன். தினமும் காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு பைபிள் வாசிக்கிறவள், அதையும் வாசிப்பாள். எழுதி முடித்ததும் அந்தத் தயவுசெய்து கண்ணை உறுத்தியது, தயவுசெய்து இல்லாமல் எழுதினேன், அது அதைவிட உறுத்தியது. இரண்டு தாளும் சட்டைப் பையிலேயே இருந்து, துவைத்து, உருண்டையாகி வந்தன. அதற்கும் முன்னால், எப்சி போவதற்குச் சில நாள் முன்பு, செடிக்கு ஊற்றும் தண்ணீர் செம்மண்ணோடு வழிந்து சிமெண்ட் தரையைக் கறையாக்குகிறது என்று அக்கா முனகிக்கொண்டிருந்தாள். அவள் முட்டி போட்டுத் தேய்ப்பதைப் பார்க்க முடியாமல், வெளியே தெரியாத அளவில் பிளாஸ்டிக் தட்டு ஒன்று வாங்கித் தொட்டிக்கு அடியில் தள்ளினேன். அன்றிலிருந்து கறை இல்லை. யாரிடமும் சொல்லாமல் ஒரு சண்டையைத் தவிர்த்துவிட்டேன் என்று அன்றைக்குத் திருப்தியாக இருந்தது. எப்போதும் இந்த மாதிரியான திருப்திகள்தான் எனக்குக் கிடைத்திருக்கின்றன.

ஐந்தாவது குடத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது கதவு நிலையில் நின்று, அக்கா, என்றேன், சற்றுச் சத்தமாகவே. அவள் நிமிர்ந்தாள். நெற்றியில் ஒரு புளிச் சக்கை ஒட்டியிருந்தது. “என்னல?” நெத்தியில புளி, என்றேன். துடைத்துக்கொண்டாள். “அவா எத்தன மணிக்கி வாரா?” எட்டு மணிக்குள்ள. “தங்குவாளா, போயிருவாளா?” தெரியல. “கேக்க வேண்டியதுதான?” கேட்கிற குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான் கேட்கவில்லை, யாரும் யாரையும் இந்த வீட்டில் கேட்பதில்லை. நான் திரும்பி நடந்தேன். இவள் என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். விடுதிச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு வடித்துவிட்டு, எனக்கென்று தனியாக ஒரு தூக்குவாளியில் கொண்டுவருவாள். வேலைக்கான நேர்முகத்துக்குப் போன அன்று அவள் இஸ்திரி போட்ட சட்டை காயவே இல்லை, ஈர வாடை அடித்தது. எனக்கு அது தெரியும், அதையே போட்டுக்கொண்டு போனேன், மூன்று அதிகாரிகளுக்கு முன்னால் கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஈரமா இருக்குக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் என்ன, அழுதிருப்பாளா. மறுபடியும் போட்டுக் கொடுத்திருப்பாள். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று இப்போது தெரிகிறது, அன்றைக்குத் தெரியவில்லை. இதுவும் அப்படித்தானோ என்னவோ. ஊத்தாத என்றால், சரில என்பாளோ என்னவோ. ஆனால் ஒன்பது வருஷம் கழித்துச் சொல்வதால் அது வெறும் தண்ணீரைப் பற்றியதாக இருக்காது. உன் தண்ணீர் வேண்டாம் என்று ஆகிவிடும். நீ தூக்கிவந்த தூக்குவாளி வேண்டாம் என்று ஆகிவிடும். அப்படி ஆகாமல் சொல்ல ஒரு வழி இருக்க வேண்டும், அதைத்தான் குழிக்குள் குனிந்து தேடிக்கொண்டிருக்கிறேன், தண்ணீர் மெலிந்து நூலாகிக் குடத்தின் உள்சுவரைத் தொட்டு ஓசையில்லாமல் இறங்குகிறது.

ஆறாவது குடம் பாதியில் நின்றது. குழாய் ஒரு முறை இருமி, காற்று விட்டது. “போச்சா?” என்றார் அண்ணாச்சி. போச்சு, என்றேன். அந்த நேரத்தில்தான் உள்ளே அக்கா எழுந்திருக்கிற சத்தம் கேட்டது, முட்டியில் கை ஊன்றி, கர்த்தாவே என்று சொல்லிக்கொண்டு எழுந்திருப்பாள். பின்கதவுத் தாழ்ப்பாள். இன்னும் பத்து எட்டு வைப்பாள், பிறகு சளார் என்று கேட்கும். ஒவ்வொரு தண்ணீர் நாளிலும் இந்தக் குழிக்குள்ளிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், போய்ப் பார்க்க வேண்டிய தேவை இருந்ததில்லை. பாதிக் குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஈரக்கால் வழுக்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டேன், நிலைக் கட்டையில் தோள் இடித்தது. பின்பக்கம் அக்கா பழைய தண்ணீர்க் குடத்தை இடுப்பில் சாய்த்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“அக்கா, அந்தச் செடிக்குத் தண்ணி ஊத்தாத.”

சொல்லிவிட்டேன். கத்திச் சொல்லியிருக்கிறேன் என்பது பக்கத்து வீட்டுக் காகம் எழும்பியபோதுதான் தெரிந்தது.

“எந்தச் செடிக்கி?”

“எப்சி செடிக்கு.”

“அவா சொல்லிவிட்டாளா?”

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. “இல்ல. நான் சொல்லுதேன்.”

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு குடத்தைச் சாய்த்தாள். சளார் என்று அதே சத்தம். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உள்ள துணித் தொட்டிக்குள் பன்னிரண்டு லிட்டரும் விழுந்தது. அந்தத் தொட்டியின் விளிம்பில் அவளுடைய சேலை ஒன்று ஊறுவதற்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“நான் அதுக்கு ஊத்தி ரெண்டு மாசம் ஆச்சுல” என்றாள். “அவா பொட்டியத் தூக்கிட்டுப் போன அன்னையோட சரி. போகும்போது வந்து செடியத் தொட்டுட்டு, என்னிய ஒரு பார்வ பாத்துட்டுப் போனா. எனக்கு அது கூடவா தெரியாது?”

“பின்ன செங்கல எடுத்து வச்சது?”

“செடி மேல செங்கல வச்சா நல்லாவா இருக்கு? நீதானல சாயந்திரம் சாயந்திரம் பள்ளிக்கூடத்துக் கிளாஸக் கொண்டாந்து ஊத்துத. தூக்கிப் பிடிச்சு, ஒத்தக் கண்ணால பாத்து. அவா போன்ல சொல்லச் சொல்லச் செய்யுதன்னு இருந்தேன். புருசன் பொஞ்சாதி நடுவுல நான் எதுக்கு வாயத் தொறக்க?”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லக்கா.”

“நீ கேட்டியால?”

வெறும் குடத்தைக் கையில் தொங்கவிட்டபடி உள்ளே போய்விட்டாள். நான் செடித் தொட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். வலது விரலை நீட்டிவிட்டு, பிறகு இடது கைக்கு மாற்றினேன். இரண்டு மாதத்தில் ஒரு நாளும் இடது கையை நினைக்கவில்லை. பொருக்கு உடைந்தது. முதல் கணுவிலேயே சில்லென்றது. இரண்டாவது கணு வரைக்கும் தள்ளினேன், எதிர்ப்பே இல்லை, சேற்றுக்குள் போவது போல, களிக்குள் போவது போலப் போனது. விரலை எடுத்தபோது பின்னாலேயே ஒரு வாடை வந்தது, அடைத்துக்கொண்ட சாக்கடையின் வாடை. இருநூற்றைம்பது. எட்டு நாளைக்கு இரண்டு லிட்டர். அறுபது நாளைக்குப் பதினைந்து. ஒரு மில்லி பிசகாமல். இன்று வரை நான் கோபப்பட்டதெல்லாம், குழிக்குள் உட்கார்ந்து பல்லைக் கடித்ததெல்லாம், நர்சரியில் போய் எங்க அக்கா என்று சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தன. பச்சைப் பக்கம் வெயிலில் பளபளவென்று இருந்தது. அது எத்தனை நாளாக என்னிடம் சொல்லாமல் நிற்கிறது. பத்து நாளா, இருபது நாளா. கேட்டின் கொக்கி சத்தம் கேட்டது, எழுந்திருக்கவில்லை. முன்பக்கம் எப்சியின் குரல், “தண்ணி வந்துச்சா மதினி?” அக்காவின் குரல், “இப்பத்தான் நின்னுச்சு, இந்தா, புதுத்தண்ணி, குடி.” பிறகு செருப்பு இல்லாத காலடிகள்.

எப்சி கையில் தம்ளரோடு வந்து நின்றாள். தோளில் பை இருந்தது. கொஞ்சம் மெலிந்திருந்தாள், அல்லது அந்தச் சேலையில் அப்படித் தெரிந்தது. என்னைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள், கிளைகளை விலக்கி உள்ளே பார்த்தாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நான் விரல் விட்ட ஓட்டைக்குப் பக்கத்திலேயே அவளும் விரலை விட்டாள். வெளியே எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள்.

“யாரு ஊத்துனது?”

பின்கதவில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். “நாந்தாம்மா” என்றாள். “பழைய தண்ணிய வீணாக்க மனசு வராம—”

“இல்ல” என்றேன். “நான்.”

எப்சி திரும்பவில்லை. “எவ்வளவு?”

“தினம் இருநூத்தம்பது.”

“மில்லியா?”

“ம்.”

அவள் தோள் ஒரு முறை குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். மூக்கு வழியாகச் சிரித்திருக்கிறாள். “அளந்து ஊத்துனீங்களாக்கும்” என்றாள், சிரிப்பு அதற்குள் போய்விட்டிருந்தது. “போட்டோல்லாம்?” நான் பழுத்த விசிறி ஒன்றைக் கிள்ளினேன். “அக்காகிட்ட சொல்லிட்டேன்னு சொன்னீங்களே?”

“இன்னைக்குத்தான் சொன்னேன். கொஞ்சம் முன்னால.”

“காக்கா பறக்குற மாதிரி சொன்னான்” என்றாள் அக்கா.

எப்சி நகத்தால் தண்டைக் கீறினாள், அடியில், மண்ணுக்குச் சற்று மேலே. கீறிய இடத்தில் உயிருள்ள பச்சையா, காய்ந்த பழுப்பா என்று நான் இருந்த பக்கத்திலிருந்து தெரியவில்லை. அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவென்று நான்தான் கேட்க வேண்டும். கேட்டேன்.

“இருக்கா?”

“தெரியல. இதுக்குத் தெரிய ஒரு மாசம் ஆகும்.” தம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரை எதிரே பிடித்துப் பார்த்துவிட்டுக் குடித்து முடித்தாள். “ஒரு மாசம் பாப்போம். அதுவரைக்கும் ஒரு சொட்டு ஊத்தக் கூடாது. யாரும். சனிக்கிழமை சனிக்கிழமை நான் வந்து விரல விட்டுப் பாக்கறேன்.”

“அப்ப வீடு?”

“அதையும் அப்பவே பாப்போம்.” தம்ளரைத் தரையில் வைத்தாள். “இந்தத் தட்ட யாரு வச்சது? அடியெல்லாம் தண்ணி நிக்குது பாருங்க மதினி.”

“அய்யய்யோ, நான் வைக்கல தாயி” என்றாள் அக்கா.

எப்சி தொட்டியின் விளிம்பைப் பிடித்துத் தன் பக்கமாகச் சாய்த்தாள். அக்கா சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வந்து, காலால் தட்டை இழுத்து வெளியே தள்ளினாள், கறுத்த தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. சுவரோரம் அடுக்கியிருந்த செங்கல் துண்டுகளில் இரண்டை எடுத்து அடியில் வைத்தாள். “போதுமா?” “இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம்.” “இப்ப?” “ம், விடுங்க.” நான் எழுந்து, ஜன்னல் கட்டையிலிருந்த பீக்கரை வேட்டி நுனியால் துடைத்து, உள்ளே போய், திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகிற பையில் வைத்தேன்.